கொசு வயிற்றில் ஒரு மனிதர்

எனக்கு வாய் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்ததற்கெல்லாம் இந்த வாய்தான் காரணம். என் பெயர் அனுசுயா. பதினாறு வருஷமாகக் கொசு பிடிக்கிறேன். சிரிக்க வேண்டாம், மாதச் சம்பளம் வரும் வேலைதான். மாட்டுக்கொட்டகை, வாய்க்கால் கரை, பன்றிப்பட்டி என்று டெல்டா முழுக்கச் சுற்றி, ரப்பர் குழாயால் கொசுவை உறிஞ்சிக் குப்பியில் அடைத்துத் தஞ்சாவூர் லேபுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் நீடாமங்கலத்தில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கொசுக்காரம்மா என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு என்னைக் கோடியக்கரைக்கு அனுப்பினார்கள். காட்டு விலங்குகளுக்குள் மூளைக்காய்ச்சல் கிருமி சுற்றுகிறதா என்று பார்க்கும் வேலை. காட்டுப்பன்றிக்கு அந்தக் கிருமியால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதன் ரத்தத்தில் சௌகரியமாகப் பெருகிக்கொண்டிருக்கும். அந்தப் பன்றியைக் கடித்த கொசு அப்புறம் ஒரு குதிரையையோ மனிதரையோ கடித்தால்தான் வினை. காட்டுக்குள் வழிகாட்ட உள்ளூர் ஆள் கேட்டேன். ராமாயி வந்தாள்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். உப்பளத்தில் நின்று நின்று வெடித்த பாதம். நெற்றியில் ரூபாய்க் காசு அளவுக்குக் குங்குமம்.

“என்னக்கா, நீங்க வர்றதுக்கு முன்னாடி பொட்டு வருது?” என்று முதல் நாளே கிண்டல் செய்தேன்.

“அவருக்கு அடையாளம்மா,” என்றாள்.

அவர் என்றால் அய்யாவு, அவள் புருஷன். அவரும் உப்பளத்துக்காரர்தான். நான் அங்கே போவதற்கு நாலு வருஷம் முன்பு மூளைக்காய்ச்சல் வந்து பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். “ஒடம்பு வீட்டுக்கு வந்துச்சு, ஆளு வரல,” என்பாள் ராமாயி. பெற்ற மகள் எழில்மொழியை அவருக்குத் தெரியவில்லை. பெண்டாட்டி முகமும் தெரியவில்லை. பொட்டு மட்டும் தெரிந்தது. விரலை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தால்தான் அவள் கையால் சோறு வாங்குவார். மற்ற நேரமெல்லாம் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பார். அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. வீட்டுக்கு வெள்ளையடித்தபோதும் அதை மட்டும் விட்டுவிட்டாள். அந்தக் கறையை நான் போய்ப் பார்த்தேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம் அவள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவர் எழுந்து காட்டுப் பக்கம் நடந்துவிட்டார். ஊரே தேடியது. முள்ளில் மாட்டியிருந்த துண்டு மட்டும் கிடைத்தது.

நான் அங்கே போயிருந்த வருஷம் எழில்மொழிக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகையில் அப்பா பெயரை எப்படிப் போடுவது, இருக்கிறாரா இல்லையா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் தப்பில்லை. ஆடி அமாவாசையன்று கோடியக்கரை ஆதிசேதுக் கடலில் கருமாதியை முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசினார்கள். அப்படியென்றால் ராமாயி பொட்டை அழிக்க வேண்டும், தாலியைக் கழற்ற வேண்டும். இரண்டு மாதம் யோசித்துவிட்டு, பெண்ணுக்காகச் சரியென்றாள்.

ஆனி மாதம் காட்டில் எல்லாத் தண்ணீரும் வற்றி, உள்ளே ஒரே ஒரு குட்டை மிஞ்சியிருந்தது. பன்றி, மான், நரி எல்லாம் அங்கேதான் வரும். ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வனக்காவலர்கள்கூட அந்தப் பக்கம் போவதில்லை. ஒருநாள் சாயங்காலம் நானும் ராமாயியும் அங்கே கொசுவை இழுக்கும் வெளிச்சப்பொறி வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் கொசு எடுக்கப் போனோம்.

குட்டைக் கரையில், அந்தக் காட்டில் திரியும் மட்டக்குதிரை ஒன்று நின்றது. பாலை மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் பக்கத்தில் போயும் அசையவில்லை. கண் திறந்திருந்தது, ஈ மொய்த்தது, இமைக்கவில்லை. முன்னங்கால் மட்டும் மண்ணைப் பறித்துக்கொண்டே இருந்தது. கால் இருந்த இடம் குழியாகிவிட்டது.

ராமாயி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “அவரு இப்படித்தாம்மா நிப்பாரு.”

என் கை பாட்டுக்கு இலைக்கடியிலிருந்து கொசுவை உறிஞ்சியது. கண்ணைக் குதிரையிடமிருந்து எடுக்க முடியவில்லை.

பத்து நாளில் லேபிலிருந்து தாள் வந்தது. ரத்தம் குடித்த கொசு பதினாலு. பதினொன்றின் வயிற்றில் பன்றி ரத்தம், அவற்றில் கிருமியும் இருந்தது. இரண்டில் குதிரை. ஒன்றில் மனிதர்.

வயிறு முட்டக் குடித்த கொசு தூரம் பறக்காது, பக்கத்திலேயே ஒதுங்கிவிடும். இது என் தொழில், எனக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ராமாயியிடம் போய்ச் சொன்னேன்.

“அந்தக் குட்டைகிட்ட மனுஷரு யாரும்மா இருக்கா?” என்றாள்.

“அதான்க்கா எனக்கும் புரியல,” என்றேன். அந்த நேரத்தில் என் நாக்கில் கொப்புளம் வந்திருக்கக் கூடாதா?

மறுநாளே கருமாதி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எழில்மொழி எனக்கு போன் செய்தாள். “நீங்கதானே சொன்னது? எங்கப்பாவ உசுரோட கூட்டிட்டு வாங்க. இல்லன்னா எங்கம்மாவ விட்ருங்க,” என்று அழுதாள். நான் போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

லேபில் மதிவதனி என்று ஒரு பெண், எனக்கு வேண்டியவள். அந்த ஒரு கொசுவின் ரத்தம் ஆணுடையதா பெண்ணுடையதா என்று பார்க்க முடியுமா என்று கெஞ்சினேன். பார்த்துச் சொன்னாள். பெண்.

அப்போதுதான் உறைத்தது. பொறி வைத்த சாயங்காலம் சேறு என்று நான் பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டிருந்தேன். கெண்டைக்கால் முழுக்கக் கடி. அந்த மனிதர் நான்தான். அட பாவி அனுசுயா!

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றே கோடியக்கரைக்கு வண்டி ஏறினேன். சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ராமாயி வீடு பூட்டியிருந்தது. எங்கே போயிருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. வனக்காவலர் செக்போஸ்டில் என் பேரை எழுதிவிட்டு ஓட்டமும் நடையுமாகக் குட்டைக்குப் போனேன்.

குதிரை அங்கே இல்லை. பாலை மரத்தில் அது முட்டிய இடம் பட்டை உரிந்து வழவழவென்று இருந்தது, கீழே குழி. குழிக்குப் பக்கத்தில் ராமாயி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் மடியில் நீட்டியிருந்தாள். முதலில் கறுப்பு வளையல் என்று நினைத்தேன். எல்லாம் கொசு. அவள் ஓட்டவில்லை.

“உனக்கென்ன பைத்தியமாக்கா!” என்று பாய்ந்துபோய்த் துப்பட்டாவால் விசிறினேன். “கிருமி இருக்குன்னு சொன்னேன்ல?”

“எத்தன நாளா வர்றேன், ஒண்ணும் ஆகலையே,” என்றாள் சாதாரணமாக. “அவரக் கடிச்சது என்னையும் கடிக்கட்டும்மா. எங்க ரெண்டு பேரையும் தொடுறதுக்கு வேற என்ன இருக்கு?”

அங்கேயே அவள் முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அந்த ரத்தம் என்னுடையது, அவருடையது இல்லை, நான்தான் அவசரக்குடுக்கை, மன்னித்துவிடு என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைத் தடவித் துடைத்துக்கொண்டு, “அப்ப கருமாதிய அமாவாசைக்கே வெச்சுக்கச் சொல்லிடு,” என்று எழுந்தாள். பதினைந்து நாள் வரைக்கும் காய்ச்சல் வருகிறதா என்று பார்க்க வேண்டும், வந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன். சரிசரி என்றாள். மறுநாள் காலையில் நான் மட்டும் குட்டைக்குப் போய், வழக்கம்போல் கொசு எடுத்து அனுப்பினேன்.

அதிலிருந்து பத்தாம் நாள் ஆடி அமாவாசை. கடற்கரையில் திருவிழாக் கூட்டம். எழில்மொழி என்னோடு பேசவில்லை, ஆனால் போகச் சொல்லவும் இல்லை. நாலு கிழவிகள் ராமாயியை இடுப்பளவுத் தண்ணீருக்குக் கூட்டிப்போனார்கள். எனக்கு அந்தச் சடங்கைக் கண்டாலே ஆகாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. மதிவதனி.

“அக்கா, கடைசியா அனுப்புனீங்கல்ல, அதுல மனுஷ ரத்தம் அஞ்சு கொசுல. நீங்க கேப்பீங்கன்னு நானே பாத்துட்டேன். நாலு பொம்பள.”

“தெரியும். அஞ்சாவது?”

“ஆம்பள.”

“சரியாப் பாத்தியா?”

“மூணு தடவ பாத்தேன்கா. ஏன்கா, அங்க உங்க கூட யாரு இருந்தா?”

விறகு திருட வந்தவனாக இருக்கலாம். வலை வைக்க வந்தவனாக இருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் அந்தக் குட்டைக் கரையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தவள் நான். எங்களைத் தவிர அங்கே ஒரு காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ராமாயி கரையேறி நேராக என்னிடம் வந்தாள். முப்பது வருஷம் குங்குமம் இருந்த இடத்தில் வெளுத்த வட்டம் தெரிந்தது. கழுத்து காலியாக இருந்தது.

“முடிஞ்சுதும்மா,” என்றாள். “இனிமே அவரு வந்தாக்கூட என்னைத் தெரியாது.” என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். “யாரு?”

வாய் வரைக்கும் வந்தது. தண்ணீரில் நின்றுகொண்டிருந்த எழில்மொழியைப் பார்த்தேன்.

“லேப்லேருந்துக்கா. வேலை விஷயம்,” என்றேன்.

ராமாயி தலையாட்டிவிட்டு, என் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன். அழுகைச் சத்தமே இல்லை. தலையை எடுக்கவும் இல்லை. கடலில் மூன்று முறை முங்கி எழுந்த அந்த நெற்றி, என் சட்டையைத் தாண்டிச் சுட்டது.