பாய் மட்டும்

ஹமிசாவுக்கு ஐம்பத்தாறு வயது. ரோத்தே தீவில் பெப்பேலா என்ற மீனவ ஊரில் படகுப் பாய் தைப்பதும், ஆண்கள் கொண்டுவரும் கடல் அட்டையை அவித்துக் காயப்போடுவதும் அவள் வேலை. புருஷனைப் புயல் கொண்டுபோய்ப் பதினோரு வருஷம். மிச்சம் ஒரு படகும் மகன் சர்லானும்.

அட்டை கிடைக்கும் பாறைத்திட்டு ஆஸ்திரேலியாவின் கடலில் இருக்கிறது. பாட்டன் காலத்திலிருந்து போய் வருகிறவர்களைத் தடுப்பதில்லை என்று அந்த நாட்டு அரசாங்கமும் இவர்கள் நாட்டு அரசாங்கமும் சண்டையில்லாமல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ஒரு நிபந்தனை: பாட்டன் போன மாதிரியே போக வேண்டும். பாய் மட்டும். எஞ்சின் அகப்பட்டால் ஆளுக்குச் சிறை, படகுக்கு நெருப்பு.

அந்த மார்ச்சில் படகில் அரிசி மூட்டைக்கு அடியில் ஒரு பழைய எஞ்சினைப் பார்த்துவிட்டாள்.

"இது என்னடா?"

"உயிரைக் காப்பாத்துறது. அப்பாகிட்ட இருந்திருந்தா இன்னிக்கு உக்காந்து காப்பி குடிச்சிட்டிருப்பாரு."

"உங்கப்பாவ இழுக்காத. படகைக் கொளுத்திட்டான்னா அட்டை பிடிக்க என் முதுகுல ஏறிப் போவியா?"

"சட்டம் எழுதினவன் ஒருத்தனாவது பாய்ல போயிருப்பானாம்மா?"

"எழுதினவன் போகல, நீதான் போற. இறக்குடா."

இறக்கினான். அம்மா சொன்னால் கேட்பான். அவனிடம் இருந்த ஒரே குறை அது.

அவன் படகில் ஏறிய பிறகுதான் தெற்கே ஈய நிறத்தில் படிந்திருந்த மேகத்தைக் கவனித்தாள். என்ன மேகம் என்று அவளுக்குத் தெரியும். எஞ்சினை எடுத்துப் போகச் சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் படகில் கால் வைத்தவனைக் கரையிலிருந்து பெண் கூப்பிட்டால் அவன் உயிரோடு திரும்ப மாட்டான் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அப்படிக் கூப்பிட்ட ஒருத்தியை அந்த ஊர் இன்றும் கல்யாணங்களுக்கு அழைப்பதில்லை. ஹமிசா வாயை மூடிக்கொண்டாள். பாய் விரிந்தது.

நாலாம் நாள் புயல். போன ஆறு படகுகளில், எஞ்சினை ஒளித்துக்கொண்டுபோன இரண்டு மட்டும் அதற்குள் கரைக்கு ஓடி வந்துவிட்டன. அதில் ஒன்றை ஓட்டிய உதின் நேராக அவளிடம் வந்தான்.

"கயிறு வீசினேன் அத்தை. கட்டிக்கடா, இழுத்துட்டுப் போறேன்னேன். எஞ்சின் படகோட சேந்து மாட்டினா அம்மா கொன்னுபோடும்னு சிரிச்சான்."

பன்னிரண்டு நாள் கழித்து ஆஸ்திரேலிய ரோந்துக் கப்பல் தான் கண்டெடுத்த சர்லானின் உடலோடு பெரிய துறைமுகத்துக்கு வந்தது. உதினோடு அங்கே போன ஹமிசாவிடம் ஒரு அதிகாரி காகிதத்தை நீட்டினார்.

"படகுல எஞ்சின் இல்லன்னு எழுதியிருக்குங்கம்மா. கையெழுத்துப் போடுங்க."

"போடலேன்னா?"

"சட்டத்த மீறிப் போனவர்னு ஆயிடும். உடலைக் குடுக்க மாசக்கணக்காகும்." பிறகு ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஒரு தப்பும் இல்லாத படகுன்னு அந்த நாட்டுக்காரங்களே பாராட்டியிருக்காங்க" என்றார்.

ஹமிசா போட்டாள். "குழாய்த் தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

நாற்றம் தாங்காமல் உதின் வெளியே ஓடினான். அவள் ஒருத்தியே உடலைக் கழுவினாள். தேய்த்தால் தோல் கையோடு வந்தது. அதனால் தேய்க்காமல், தண்ணீரை மட்டும் மெதுவாக ஊற்றினாள்.