தண்டம் என்று ஒரு பெயர்

போன வருடம், எஹலியகொட பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. சாயங்காலக் கச்சேரியில் என் வீட்டுக்காரர் பாடினார். அதைப் பாட்டு என்று சொன்னால் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். மெட்டல் பாட்டு, அதாவது அடிவயிற்றிலிருந்து உறுமுவது. காலையில் ரப்பர் பால் வெட்டும்போது மரங்களுக்கு நடுவே பழகுவார். காட்டுப்பன்றி என்று பயந்து பக்கத்தில் வெட்டுகிறவர் வாளியைப் போட்டுவிட்டு ஓடியதும் உண்டு.

எங்கள் தோட்டத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. இவருக்கு 'தண்டம்'. வைத்தது அவருடைய அப்பா. சின்ன வயதில் தட்டில் கை வைத்தாலே, "தண்டச்சோறு, நீ எதுக்குடா பொறந்த?" என்பாராம். லயத்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கும், நடுச் சுவர் மெல்லிசு. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள, கடைசியில் அதுவே பெயராகிவிட்டது. மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் வைத்த பெயர் சாகவில்லை. நிஜப் பெயரை நானே கல்யாணப் பதிவன்றுதான் கேட்டேன்.

யாரும் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை, பாசமாகத்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் தோள் குறுகும். இரண்டாம் தடவை சோறு கேட்கவே மாட்டார்.

டவுன் கராஜில் வேலை செய்யும் இரண்டு சிங்கள நண்பர்கள்தான் அவரோடு வாசிப்பவர்கள். பாட்டைத் தமிழில் அவரே எழுதியிருந்தார். "இத நம்ம ஆளுங்க முன்னாடி பாடணும். அப்புறமும் அப்படியே கூப்பிட்டாங்கன்னா கொழும்புக்குப் போயிடுவோம். நம்ம புள்ள 'தண்டத்தோட மக'ன்னு வளர வேணாம்" என்றார்.

திருவிழாக் கமிட்டிச் செயலாளர் மைக்கைப் பிடித்து, "அடுத்ததா நம்ம தண்டம்" என்றார். ஒரே சிரிப்பு. கிடார் அலறியதும் இன்னும் சிரித்தார்கள். பிறகு வார்த்தைகள் புரிய ஆரம்பித்தன. தட்டு, சோறு, சுவர், 'எதுக்குடா பொறந்த'. மாமா மேல் ஒரு வசவுகூட இல்லை. "நான் தின்னது என் பங்குதானே அப்பா" என்று திரும்பத் திரும்பக் கேட்டு உறுமினார். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிற மனுஷன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு பெருமை.

பாட்டு முடிந்தும் யாரும் கை தட்டவில்லை. செயலாளர் வழக்கப்படி சால்வை போர்த்த வந்து, மைக்கில் "நம்ம..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். பாவம், அவருக்கு நிஜப் பெயர் தெரியாது. முன்னால் உட்கார்ந்திருந்த என் மாமியார் எழுந்து அந்தப் பெயரை முழுசாகச் சொன்னார். "அதான் எம்மவன் பேரு. நானே அப்படிக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாச்சு." செயலாளர் அதை மைக்கில் திருப்பிச் சொல்லிச் சால்வையைப் போர்த்தினார். அப்போதுதான் கைதட்டல் வந்தது.

நாங்கள் கொழும்புக்குப் போகவில்லை. அதற்காக ஒரு பாட்டில் எல்லாம் ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன். இரண்டாம் கரண்டிச் சோற்றை இன்னும் நான்தான் பார்த்துப் போடுகிறேன். இந்தப் பக்கத்தில் பெயர் எழுதாமல் அனுபவத்தைச் சொல்வது வழக்கம் என்பதால் அவருடைய நிஜப் பெயரை விடுகிறேன், இல்லாவிட்டால் அதைத்தான் முதல் வரியில் போட்டிருப்பேன். இப்போது பால் நிறுக்கும் இடத்தில் யாராவது அந்த நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, அவர் தலை நிமிர்ந்து திரும்புவதைப் பார்த்த பிறகு, எங்கள் மகளை விளையாட்டுக்குக்கூட வேறொரு பெயரால் கூப்பிட எனக்கு வாய் வருவதில்லை.