பிரான்சிஸ் ஊற்றிய ஆயில்

கருமத்தம்பட்டியில் பிரான்சிஸ் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி விடுகிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நாளைக்குத் தர வேண்டிய வண்டியை இன்றைக்கே கேட்டால் முனகிக்கொண்டாவது தருவார். ஆயில் விஷயத்தில் மட்டும் மனிதர் மசியவே மாட்டார். ஒரு முறை மில் முதலாளி ஒருவர், "ஏதோ ஒரு செவப்பு ஆயில ஊத்தி உடுப்பா, எல்லாம் ஒண்ணுதான்" என்றார். "உங்க மில்லுல எல்லா நூலும் ஒண்ணுதானுங்களா?" என்று கேட்டுவிட்டு, சாவியை அவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார் பிரான்சிஸ். அப்பேர்ப்பட்ட ஆள்தான் ஒரே ஒரு தடவை, தெரிந்தே, தப்பான ஆயிலை ஊற்றினார். ஊற்றியது சுப்பண்ணன் காருக்கு.

சுப்பண்ணன் தோட்டத்தில்தான் பிரான்சிஸின் அப்பா நாற்பது வருசம் மண்வெட்டி பிடித்தார். தோட்டத்துக்காரரைப் "பண்ணாடி" என்று கூப்பிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எதைச் சொன்னாலும் "ஆகட்டுங்க" என்று தலையாட்டிய மனிதர். மகன் ஐடிஐ படித்தார். கோயமுத்தூரில் ஒரு கார் சர்வீஸில் பதினோரு வருசம் வேலை பார்த்தார், பிறகு சொந்தமாக ஷெட் போட்டார். பண்ணாடி என்ற சொல்லைத் தன் வாயிலிருந்து துரத்தி, அந்த இடத்தில் ஐயாவைக் கொண்டுவந்து வைக்கவே அவருக்கு வெகுகாலம் ஆனது. அதோடு கணக்குத் தீர்ந்துவிட்டதாக நினைத்தார், பாவம்.

சுப்பண்ணனையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் பிரான்சிஸைக் கூப்பிட்டுப் பக்கத்து இலையில் உட்கார வைக்கிறவர்தான். அவருக்கு முழங்கால் தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதும், வெளியூரில் இருக்கும் மகன் ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். போன ஆவணியில் அதன் கியர்பாக்ஸிலிருந்து ஆயில் ஒழுகுகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து விட்டார்.

மறுநாள் விடிந்ததும் அந்தக் கார் கொடுமுடி போயாக வேண்டும். அவர் மனைவி பூவாத்தாளின் தம்பி தம்பிதுரையை, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, ரெண்டு மூணு நாள்தான் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண் விழிக்கும்போதெல்லாம் "அக்கா வந்துருச்சா?" என்று கேட்கிறாராம். தாயில்லாத அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் பூவாத்தாள்தான்.

பிரான்சிஸ் ஒழுகிய ரப்பர் சீல் ஒன்றை மாற்றினார். அந்தக் காருக்கென்றே உள்ள ஆயிலைக் கோயமுத்தூரிலிருந்து வரவழைத்து, நாலு டப்பாவை எடுத்தும் வைத்துவிட்டார். சாயங்காலம் சுப்பண்ணன் ஒரு வாளியோடு வந்து இறங்கினார்.

"டிராக்டருக்கு வாங்குனது பாதி கெடக்குது பிரான்சிசு. இதுவும் கியர்பாக்ஸுக்கு ஊத்தற ஆயிலுதான? இதையே ஊத்திரு."

"ஐயா, இந்த வண்டிக்கு வந்துங்க..."

"டிராக்டரையே இழுக்குது. இந்தக் குருவிய இழுக்காதா?" என்று சொல்லிச் சிரித்தார்.

சொல்ல வேண்டியது முழுக்கப் பிரான்சிஸுக்குத் தெரியும். இந்தப் பெட்டிக்குள் டிராக்டர் மாதிரி பற்சக்கரம் மாறுவது கிடையாது, ஒரு இரும்பு பெல்ட் ரெண்டு கப்பிகளைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. ஆயில் மாறினால் பிடிப்பு விட்டுப் பெல்ட் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், அப்புறம் வண்டி நகராது. தினம் நாலு பேருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பாடம். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்தது "ஆகட்டுங்க" மட்டும்தான். அப்பா செத்து ஒன்பது வருசமாகிறது.

சரி என்று சொல்லிவிட்டு நல்ல ஆயிலையே ஊற்றிவிடலாம் என்றும் பார்த்தார். சுப்பண்ணன் பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு, கடைசிச் சொட்டு இறங்கும் வரை கூடவே உட்கார்ந்திருந்தார். போய்வர இருநூறு கிலோமீட்டர் தாங்கும், திரும்பி வந்ததும் கழுவி மாற்றிவிடலாம் என்று பிரான்சிஸ் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போன் வந்தது. காங்கயம் தாண்டி முத்தூர் போகிற வழியில் கார் நின்றுவிட்டது.

"உறுமுது, நகர மாட்டீங்குது. ஒரு மணி நேரம் ஆற வெச்சு எடுத்தேன். கொஞ்ச தூரம் போயி மறுக்கா நின்னுபோச்சு."

"வேற கார் புடிச்சுப் போயிருங்க ஐயா!"

"முகூர்த்த நாளு, வாடகைக்கு ஒண்ணும் சிக்கல. வர்ற பஸ்ஸெல்லாம் கூட்டம், கை காட்டுனாலும் நிறுத்த மாட்டீங்கறான். நீ வந்துரு சாமி."

பக்கத்துக் கடைக்காரர் காரை வாங்கிக்கொண்டு பிரான்சிஸ் பறந்தார். போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரம் ஆனது. பூவாத்தாள் ரோட்டோரம் நின்று கொடுமுடி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றுபோன காரைப் பூட்டிவிட்டு வந்து ஏறிய சுப்பண்ணன் கேட்டார்: "ஏப்பா, அந்த ஆயிலு ஏதும் ஒத்துக்கலையோ?" பிரான்சிஸ் பதில் தேடுவதற்குள் அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "இருக்காது. ஆகாதுன்னா நீ ஊத்தியிருக்க மாட்ட. ஆயிலு விசயத்துல நீ ஆரு சொன்னாலும் கேக்க மாட்டயே. அந்தத் தெகிரியத்துலதான நானே கொண்டாந்தேன்."

ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் பிரான்சிஸ் தாங்கியிருப்பார். அந்த நம்பிக்கையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பார் இந்த மனுசன்! ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தி மிதித்தார்.

முத்தூர் தாண்டும்போது சுப்பண்ணனின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர், "எப்ப?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். அப்புறம் போனை மடியில் போட்டுவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பின்சீட்டில் இருந்த பூவாத்தாளுக்கு யாரும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கத்தி அழவில்லை. வெளியே பனைமரங்கள் போய்க்கொண்டே இருந்தன. பூவாத்தாள் முன்சீட்டுப் பக்கம் குனிந்து கேட்டார்.

"பிரான்சிசு, அந்த ஆயிலு ஆகாதுன்னு உனக்குத் தெரியுமா கண்ணு?"

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "தெரியுமுங்கம்மா."



"அவருகிட்டச் சொல்ல உனக்கு நாக்கு எழல. அது எனக்குத் தெரியுது" என்றார் பூவாத்தாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை. "எனக்கு ஒரு போனு பண்ணியிருக்கக் கூடாதா கண்ணு? ராத்திரியே பஸ் ஏறியிருப்பனே. என்ர மூஞ்சிய ஒருக்கா பாத்துப்போட்டுப் போயிருப்பானே."