ஜாடி மூடிய நாட்கள்

அந்த மூன்று நாள் விஷயத்தை ஊருக்குச் சொன்னது நான்தான்.

கோரிப்பாளையத்தில் வாடகை வீடு. மனைவி நார்த்தங்காய் ஊறுகாய் போடுவாள். நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வலைப்பூவில் அதைப் பற்றி எழுதுவேன். படித்தவர்கள் சென்னையிலிருந்து கேட்டார்கள், பெங்களூரிலிருந்து கேட்டார்கள், கூரியரில் போனது. உண்மையை எழுதினால்தான் வாங்குவார்கள் என்று ஒரு வெறி எனக்கு. வீட்டு விலக்கான நாட்களில் அவள் ஊறுகாய் ஜாடியைத் தொடமாட்டாள். தொட்டால் பூசணம் பிடிக்கும் என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். அதையும் எழுதினேன். பிறகு, காலண்டரில் அவள் பென்சிலால் போடும் வட்டத்தைப் பார்த்து மாதாமாதம் ஓர் அறிவிப்பு: ‘இன்று முதல் மூன்று நாள் ஜாடி திறக்கப்படாது.’ பாராட்டுகள் வந்து விழுந்தன. அவளுக்கு எதுவும் தெரியாது. அவள் பிரவுசிங் சென்டர் படி ஏறியதே இல்லை.

கல்யாணமாகி ஒன்பது வருடம். ஒரு கார்த்திகையில் காலண்டரில் வட்டம் விழவில்லை. மார்கழியிலும் இல்லை. மூன்று மாதம் முடிந்ததும் அம்மாவிடம் சொல்லலாம் என்றாள். அதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை நாங்கள்.

அழகர்கோவிலுக்கு வந்த சென்னை வாடிக்கையாளரான ஓர் அம்மா, பார்சல் முகவரியை வைத்து வீடு தேடி வந்தார். கையில் மாதுளம்பழம்.

“எத்தனாவது மாசம்மா?”

“எதும்மா?”

“எங்ககிட்டயே மறைக்கிறியா? ரெண்டு மாசமா ஜாடி மூடலையே! நெட்டுல எல்லாரும் எண்ணிக்கிட்டில்ல இருக்கோம்!”

அவர் போனபின் எல்லாவற்றையும் சொன்னேன்.

“எம்புட்டுப் பேருக்குத் தெரியும்?” என்றாள்.

“ஒம் பேரெல்லாம் போடல…”

“அதக் கேக்கலங்க. எம்புட்டுப் பேருக்கு?”



பத்து நாளில் கலைந்தது. யார்மேலும் தப்பில்லை என்றார் டாக்டர். மெயிலில் வாழ்த்துகள் மட்டும் நிற்கவில்லை. ஜாடி மூடியது என்று எழுதினால் அத்தனை பேருக்கும் புரிந்துவிடும். எழுதாவிட்டால் அங்கே, அந்தத் திரையில், அவள் வயிறு வளர்ந்துகொண்டே போகும். எழுதாமல் இருந்தேன். கோழைத்தனம்தான்.

உடம்பு தேறி முதல் விலக்கு வந்த காலையில், அவளே ஜாடியைத் திறந்தாள். கரண்டியை எடுக்கவில்லை, வெறுங்கையை உள்ளே விட்டாள்.

“ஏ, இன்னைக்கு…”

“இன்னைக்கு என்ன நாளுன்னு உங்களுக்கும் தெரிய வேணாம். மாசம் பூரா கெடைக்கும்னு எழுதுங்க, போங்க.”

எழுதினேன், காரணம் சொல்லாமல். ‘ஆசாரத்தை விட்டாச்சா சார்?’ என்று ஒருவர் கேட்டார். பாதிப் பேர் வாங்குவதை நிறுத்தினார்கள். பழைய பதிவுகளை அழித்தேன். அதற்குள் படித்தவர்கள் படித்திருந்தார்கள்.

அதன்பின் காலண்டரில் வட்டமே இல்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அவள் இல்லாத நேரம் பார்த்து ஜாடியைத் திறந்து, பூசணம் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருநாளும் பிடிக்கவில்லை.