மாத்திரை உருண்டை

எங்கள் நாயின் முகம் மறுபடியும் வீங்கிவிட்டது. கண் இரண்டும் இடுங்கி, மூச்சு கரகரவென்று இழுத்தது. செகந்திராபாத் நெரிசலில் ஆட்டோ நகரவே இல்லை. மடியில் கிடந்த அதன் நெஞ்சின் மேல் கை வைத்திருந்தேன்; எடுத்தால் துடிப்பு நின்றுவிடுமோ என்று பயம்.

கோழி, முட்டை, பால், பிஸ்கட் எல்லாவற்றையும் டாக்டர் சொன்னபடி நிறுத்தியாகிவிட்டது. வேகவைத்த மீனும் பூசணியும்தான் சாப்பாடு. அப்புறமும் என்ன எழவு இது? "அந்த அலர்ஜி மாத்திரைதான் விஷம்!" என்று கணவரிடம் கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகு மூச்சு கொஞ்சம் அடங்கியது. மாத்திரையை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"தயிர்சாதத்தில் உருட்டித்தான்," என்றார் கணவர். "உடம்புக்குக் குளிர்ச்சியாச்சே."

"அரே, தஹி நக்கோ சார், தயிரே வேண்டாம்!" என்றார் டாக்டர். " தயிர் மட்டும் பால் இல்லையா?"

எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. எங்கள் வீட்டில் தயிர்சாதம் மருந்து மாதிரி.

வீட்டுக்கு வந்து வெறும் மாத்திரையை நீட்டினேன். அது மோந்துவிட்டு, வீங்கிய கண்ணோடு தயிர்சாதத்துக்காக ஃப்ரிட்ஜ் முன்னால் போய் உட்கார்ந்து வாலாட்டியது. நாங்கள் எதில் உருட்டிக் கொடுத்தாலும் அது நம்பித் தின்றுவிடும்.