கடல் இல்லாத மதியம்

மெட்ராஸில் நான் வணிக மேலாண்மை முதுகலை படித்துக்கொண்டிருந்த கல்லூரிக்கும், பிரான்சின் வடமேற்குக் கரையில் இருந்த ஒரு கல்லூரிக்கும் எண்பதுகளின் நடுவில் ஓர் ஏற்பாடு உண்டானது. அங்கிருந்து இரண்டு பேர் இங்கே வருவார்கள், இங்கிருந்து இரண்டு பேர் அங்கே போய் ஒரு பருவம் படித்துவிட்டுத் திரும்பலாம். முதல் தடவை போன இருவரில் நான் ஒருத்தி. என் வகுப்பில் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குத் தெரிந்ததும் காரைக்கால் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் இரண்டாம் மொழியாகச் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுதான். பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நிற்கும், பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்வதைத் தவிர அதை நான் எங்கும் பயன்படுத்தியதில்லை.

அப்பா காரைக்காலில் ஐஸ் பாக்டரி நடத்தினார். பக்கத்து மீனவ ஊரான மண்டபத்தூரின் படகுகள் எங்களிடம்தான் ஐஸ் வாங்கும். செய்தி சொன்ன அன்று அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வியாபாரம் படிக்கவா அவ்ளோ தூரம் போற?"

"ஆமாப்பா."

"அதுக்கு எதுக்கு ப்ளேன் ஏறணும்? நம்ம பாக்டரில வந்து ஒரு மாசம் நில்லு. எல்லாம் வந்துரும்."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அம்மா. "அவளாவது போயி பாத்துட்டு வரட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "குளுருமேடி. என்னத்தப் போத்திக்குவ?" என்றாள்.

அப்பா மோர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார். ஆனால் மீனம்பாக்கத்தில் வரிசையில் நின்ற, கோட்டு போட்ட ஒருவரிடம் நேராகப் போய், "சார், எம் பொண்ணு. மொத தடவ போவுது. கொஞ்சம் பாத்துக்கங்க" என்று என்னை ஒப்படைத்தார். அந்த மனிதர் பம்பாய் வரைக்கும்தான் போகிறார் என்பது விமானத்தில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. பம்பாய் வரைக்கும் அவர் என்னை உண்மையாகவே பார்த்துக்கொண்டார்.

என்னோடு தேர்வாகி, எனக்கு முன்பே போய்விட்ட மாணவனுக்கு நகரத்துக்குள் விடுதியில் இடம் கிடைத்தது. எனக்குக் கடலோரத்தில், கணவரை இழந்து தனியாக இருந்த ஓர் அம்மாளின் வீட்டு மாடியறை. பாரிசிலிருந்து ரயிலில் நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்கார மதாம் கதவைத் திறந்து, என் பெட்டியை வாங்கிக்கொண்டு, எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன். இந்தியாவில் எங்கே என்றார். காரைக்கால் என்றேன். யாருக்கும் தெரியாத பெயர். விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்று வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

மதாம் பெட்டியைக் கீழே வைத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதைப்போல ஒரே மூச்சில் சொன்னார்: "பொந்திஷேரி, கரிக்கால், யனாவோன், மாஹே, ஷாந்தெர்நகோர்."

இந்தியாவில் பிரான்சு ஆண்ட ஐந்து ஊர்கள், சிறுவயதில் பூகோள வகுப்பில் மனப்பாடம் செய்ததாம். அதில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. அந்தப் பெயர்களில் மனிதர்கள் இருப்பார்கள் என்று நினைத்ததும் இல்லை என்றார். நானும்தான் நினைத்ததில்லை, எங்கள் ஊர்ப் பெயர் இப்படி ஒருவர் வாய்க்குள் இத்தனை வருடம் கிடந்திருக்கும் என்று.

அறை ஜன்னலைத் திறந்தால் கீழே கருங்கல் சுவர். சுவரின் விளிம்பு வரைக்கும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அலை அறைந்தால் சாரல் முகத்தில் பட்டது. படகுகள் கைக்கெட்டும் தூரத்தில் ஆடின. கடல் பக்கத்திலேயே இருக்கிறது என்ற தைரியத்தில் படுத்தேன். பயணக் களைப்பு. கண் விழித்தபோது மறுநாள் மதியம் ஆகியிருந்தது.

ஜன்னலைத் திறந்தேன். கடல் இல்லை.

தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது என்று நான் சொல்லவில்லை. கடலே இல்லை. சுவருக்குக் கீழே இரண்டு மாடி உயரத்துக்கு வெறும் கல். அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் சேறும் மணலும் பாசியும். நேற்று ஆடிய படகுகள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தன. தூரத்தில் ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்துபோனார். அவர் நடந்த இடத்தில்தான் முந்தின நாள் நான் தண்ணீரைப் பார்த்திருந்தேன்.

நான் கடலோரத்தில் வளர்ந்தவள். காரைக்கால் கடல் காலையில் எங்கே இருக்குமோ, சாயங்காலமும் ஏறக்குறைய அங்கேயேதான் இருக்கும். ஏற்றம் இறக்கம் உண்டு. அரசலாற்று முகத்துவாரத்தில் படகு ஓட்டுகிறவர்களுக்கு அது ஒரு கணக்கு. கரையில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு, செருப்பைக் கொஞ்சம் மேலே தள்ளி வைக்க வேண்டும் என்ற அளவுதான். கடல் உள்வாங்கினால் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று மண்டபத்தூரில் பேசிக்கொள்வதை மட்டும் கேட்டிருக்கிறேன்.

படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினேன். மதாம் சமையலறையில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தார்.

"மதாம், கடல்... கடல் போய்விட்டது!"

"ஆமாம், போயிருக்கிறது" என்றார். "சாயங்காலம் வந்துவிடும். காப்பி குடிக்கிறாயா?"

பக்கத்துக் கடைக்குப் போன ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். நான் நம்பவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, அம்மா கட்டாயப்படுத்திக் கொடுத்துவிட்ட கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, சுவரின்மேல் போய் உட்கார்ந்தேன். அன்று கல்லூரிக்குப் போய்ப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். போகவில்லை. சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

முதலில் தொலைவில் கோடு கிழித்ததுபோல ஒரு மினுக்கம். பிறகு சேற்றுக்கு நடுவே இருந்த பள்ளங்களில் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடிவந்தது, எங்கள் ஊர் நெடுங்காட்டுப் பக்கம் மதகைத் திறந்தவுடன் வாய்க்காலில் ஓடிவருமே, அந்த மாதிரி. பள்ளங்கள் நிரம்பி ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. ஒரு படகின் அடியில் தண்ணீர் புகுந்தது. படகு லேசாக அசைந்தது. படுத்துக் கிடந்த ஆள் கையை ஊன்றி எழுவதைப்போல மெல்ல நிமிர்ந்தது. அப்புறம் அடுத்த படகு. பிறகு எல்லாப் படகுகளும். யாரும் தொடவில்லை. நான் என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன். பின்னால் வந்து நின்ற மதாம் என் தோளில் தன் கோட்டைப் போர்த்தினார். "தினமும் இரண்டு தடவை வரும், பெண்ணே. ஒவ்வொரு தடவையும் இப்படி உட்கார்ந்தால் நீ எப்போது படிப்பாய்?" என்றார்.

படிப்பு கஷ்டமாகத்தான் இருந்தது. மெட்ராஸில் ஆசிரியர் சொல்வார், நாங்கள் எழுதுவோம். அங்கே பேராசிரியை மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒரு கம்பெனியின் கதையைச் சொல்லிவிட்டு, "நீங்கள் முதலாளியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். பையன்களும் பெண்களும் அவரை வெட்டிப் பேசினார்கள். அவர் சொன்னது தப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அதற்கு அவர் சந்தோஷப்பட்டார். நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பேச வேண்டும் என்று வாக்கியத்தைக் கோத்து முடிப்பதற்குள் விவாதம் வேறெங்கோ போய்விடும். நான் வாயைத் திறந்த ஒன்றிரண்டு தடவையும், என் பிரெஞ்சு பழைய காலத்துக் கடிதம்போல இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கேலியாக இல்லை, பிரியமாகத்தான். ஆனாலும் வாய் மூடிக்கொண்டது.

பருவத்தின் பெரிய வேலை, மூன்று பேர் கொண்ட குழுவாக அந்த வட்டாரத்துத் தொழில் ஒன்றை ஆராய்ந்து வகுப்பில் சொல்வது. என் குழுவில் ஒரு கனடா நாட்டுப் பெண்ணும் அந்த ஊர்ப் பையன் ஒருவனும் இருந்தார்கள். அவனுடைய அத்தை சிப்பி வளர்க்கிறவர். அங்கே சிப்பியை உயிரோடு, எலுமிச்சம்பழம் பிழிந்து விழுங்குவார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் அந்தத் தொழிலைத்தான் எடுத்துக்கொள்வது என்று முடிவானது.

நன்றாகக் கடல் இறங்கும் ஒரு நாள் மதியம், அந்த அத்தை எங்களை டிராக்டரில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப் போனார். கடலுக்குள் டிராக்டரில். ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தார். முழங்காலுக்கு மேலே வந்த அந்தப் பூட்ஸோடு கடலின் தரையில் இறங்கி நின்றேன். மணல் வரிவரியாக, சீப்பால் வாரிவிட்டதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஊர் சின்னதாக, மாதா கோவில் கோபுரம் ஊசி மாதிரித் தெரிந்தது. நான் நிற்கும் இடத்தில் இன்னும் சில மணி நேரத்தில் என் தலைக்கு மேலே படகு போகும் என்று நினைத்து, அண்ணாந்து பார்த்தேன்.

இரும்புக் கம்பியால் செய்த தாழ்வான மேசைகள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. மேசைகளின்மேல் வலைப் பைகள், பைகளுக்குள் சிப்பிகள். ஒவ்வொரு பையாகத் தூக்கி உலுக்கித் திருப்பிப் போட வேண்டும். நாங்களும் கை கொடுத்தோம். அந்த அம்மாள் வேலையை நிறுத்தாமலே என்னிடம் கேட்டார்:

"உங்கள் ஊரில் கடல் எவ்வளவு தூரம் போகும்?"

"எங்கள் ஊரில் போகாது."

அவர் கையிலிருந்த பையை மேசைமேல் வைத்துவிட்டார். "போகாதா? எப்போதும் அங்கேயே இருக்குமா?"

"ஆமாம்."

"அப்படியென்றால் அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததே இல்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, வந்த மறுநாள் நான் அவர்கள் கடலைப் பார்த்த பார்வையேதான். நகராத ஒரு கடலின் கரையில் ஒரு ஜனம் காலம் காலமாகக் குடியிருக்கிறது என்பதை அவரால் கற்பனை செய்யவே முடியவில்லை. மருமகனைக் கூப்பிட்டு, "இந்தப் பெண் சொல்வதைக் கேட்டாயா?" என்றார்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இருபத்துச் சொச்சம் வருடம் கடலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அதன் தரையை இங்கே வந்துதான் பார்க்கிறேன்.

வேலை முடிந்து எல்லோரும் டிராக்டருக்குத் திரும்பினார்கள். நான் கடைசி மேசையைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் நடந்தேன். நட்சத்திர மீன் ஒன்று குட்டையில் கிடந்தது. அதற்கு அப்பால் பச்சைப் பாசி படர்ந்த பாறை. அதற்கும் அப்பால் கடல், மெல்லிய தகடாக. முன்னால் இருந்த தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பின்னால் பள்ளங்கள் வழியாக வந்துகொண்டிருப்பது தெரியவில்லை. டிராக்டரின் ஹார்ன் விடாமல் அலறியது. திரும்பினால், நான் நடந்துவந்த மணலில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

ஓடினேன். தண்ணீர் பூட்ஸுக்குள் புகுந்து கால் கனத்தது. ஐஸ் பாக்டரிக்காரர் மகளுக்கே தாங்க முடியாத குளிர். பையன் எதிரே இறங்கி வந்து கையைப் பிடித்து இழுத்து ஏற்றினான். அவன் அத்தை என்னைத் திட்டிய திட்டில் பாதி எனக்குப் புரியவில்லை. பல் கிடுகிடுவென்று ஆட, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நட்சத்திர மீன் கிடந்த குட்டை, பாறை, மேசைகள், எங்கள் கால்தடங்கள் எல்லாம் மூடிக்கொண்டே வந்தன. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிடப் பெரியது ஏதோ கூடவே இருந்தது. அதற்கு எனக்குத் தமிழிலும் வார்த்தை தெரியவில்லை, பிரெஞ்சிலும் தெரியவில்லை.

வகுப்பில் எங்கள் முறை வந்தபோது மற்ற இருவரும் செலவு, வரவு, சந்தை பற்றிச் சொன்னார்கள். எனக்கு ஒதுக்கியது முன்னுரை மட்டும். நான் எழுந்து நின்று, "இந்த ஊரில் தொழில் செய்கிறவர்கள் கடலைக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள். என் ஊரில் கடல் காத்திருக்கும், மீன் காத்திருக்காது" என்று ஆரம்பித்தேன். பேராசிரியை மேசையிலிருந்து இறங்கினார். "மீன் காத்திருக்காது என்றால்?" என்று கேட்டார்.

சொன்னேன். மண்டபத்தூரில் படகு கரையேறியதும் மணலிலேயே ஏலம் நடப்பதை, கூடையோடு நிற்கும் பெண்கள் ஒரே பார்வையில் விலை சொல்வதை, எங்கள் பாக்டரி ஐஸ் கரைவதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்பதை. கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. முதல் விலையை யார் சொல்வது? சொன்ன விலையிலிருந்து பின்வாங்கினால் என்ன ஆகும்? எழுதி வைத்துக்கொள்ள மாட்டார்களா? ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. சின்ன வயதிலிருந்து அப்பாவின் பின்னால் நின்று பார்த்த விஷயம், அது பாடம் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. மணி அடித்த பிறகும் யாரும் எழுந்துபோகவில்லை. இத்தனை பேர் பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள்.

ஊருக்குத் திரும்பிய வாரம் அப்பாவோடு பாக்டரிக்குப் போனேன். ஐஸ் ஏற்ற வந்த மண்டபத்தூர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கடல் போய்த் திரும்பும் கதையைச் சொன்னேன்.

"ஏம்மா, கடலு எங்கம்மா போவும்? எங்கள வச்சு வெளையாடுறியா?" என்றார் ஒருவர்.

"நெசந்தாண்ணே. தரையில நான் நடந்தேன்."

"அப்ப மீனெல்லாம்?"

"தண்ணியோட போயிடும்."

"நல்லாருக்கு போ. மொதலாளி, பாப்பாவுக்கு குளுருல என்னமோ ஆயிருக்கு. சுத்திப் போடுங்க" என்று எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல் ஐஸ் பெட்டியின்மேல் கை வைத்தபடி நின்றார். "அடி எப்புடிம்மா இருந்துச்சு? சேறா, மணலா?" என்று கேட்டார். தெரிந்தவரைக்கும் சொன்னேன். வரிவரியான மணல், பாறை, பாசி, நட்சத்திர மீன். லாரி புறப்படும்வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டபடி ஐஸ் கட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும் வழியில்தான் கேட்டார்.

"தண்ணி பின்னாடி வந்துச்சுன்னியே, பயந்துட்டியா?"

"பயந்தேம்ப்பா. ஆனா திரும்பி வரவே தோணல."

அப்பா ஸ்கூட்டரை எங்கள் தெருவுக்குள் திருப்பினார்.

"அடுத்த தடவ போறப்ப தனியா ரொம்ப தூரம் நடக்காத" என்றார்.