எண்பது எழுத்து வரி

தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்ததும் அதன் கண்ணாடிமேல் கையை வைத்தால் மெல்லச் சடசடத்து, கை ரோமங்கள் எழுந்து நிற்கும். உள்ளே தூசி சூடேறிய வாடை சற்று நேரம் மூக்கில் தங்கும். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது, பிரிக்பீல்ட்ஸ் மாடி வீட்டில் எங்கள் கலர் டிவியோடு, சிங்கப்பூருக்குக் குடிபோன மாமா விட்டுச்சென்ற கம்ப்யூட்டர் ஒன்று இணைக்கப்பட்டிருந்தது.

அப்பா தவறிப்போயிருந்தார். டைப்பிஸ்ட்டாக இருந்த அம்மா, அலுவலகத்தை மூடிவிட்டதால் வீட்டில் இருந்தார். அவருக்கு அது கவலைக்காலம். எனக்கோ, பள்ளி விட்டு வந்து தட்டினால் கதவைத் திறக்க ஆள் இருந்த காலம். கிள்ளானில் ஒரு கம்பெனி கம்ப்யூட்டரில் தட்டச்சுப் பரீட்சை வைத்து ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டதும், அம்மா மாமாவின் பெட்டிமுன் உட்கார்ந்துவிட்டார்.

அது ஒரு வரியில் நாற்பது எழுத்துதான் காட்டும். தாளில் ஒரே வரியாக நிற்கவேண்டியது திரையில் இரண்டாக முறிந்து விழும். எண்பதுக்கு மாற்றினால் வரி முழுதாக வந்தது, ஆனால் எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் பச்சையும் கசிந்து, எது 'எம்', எது 'டபிள்யூ' என்றே தெரியாது. அம்மாவுக்குக் கண்ணில் நீர் வடியும். "இத வச்சு எப்படிப் பழகுறது பாப்பா?" என்பார்.

ஒருநாள் கலர் குமிழைக் கடைசிவரை திருகிக் குறைத்துப் பார்த்தேன். கசிவு குறைந்தது, மங்கல் போகவில்லை. கீழ்வீட்டு சரோஜா ஆன்டியிடம் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டிவி இருப்பது நினைவுக்கு வர, அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன்.

"கலர் டிவிய குடுத்துட்டு இந்தப் பழசையா கேக்குறீங்க? நெஜமாவா லா?" என்று ஆன்டி சிரித்தார்.

"பரீட்சை முடியற வரைக்கும் மாத்திக்கலாம்க்கா" என்றார் அம்மா.

அதில் எண்பது எழுத்தும் வெள்ளையாக, தனித்தனியாக நின்றன. "எல்லாம் தெரியுது பாப்பா!" அப்பா போனபின் அம்மா வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அதன்பின் மாலைதோறும் நான் பத்திரிகையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அம்மா தட்டுவார். எங்கள் முழங்கைகள் இடித்துக்கொள்ளும்.

வேலை கிடைத்துவிட்டது. விடியுமுன் கிள்ளான் பஸ் ஏறினால் இருட்டியபிறகுதான் திரும்புவார். வீட்டுச் சாவி என் கழுத்தில் தொங்கியது. கலர் டிவி திரும்பி வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆளில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த மங்கல் திரையில் தட்டிவைப்பேன். சேமித்து வைக்க வழி கிடையாது, அணைத்தால் போயிற்று. களைத்து வரும் அம்மா, "பள்ளியில என்ன நடந்துச்சு?" என்றால், "ஒன்னுமில்லம்மா" என்பேன்.

அந்த மாடி வீடு இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. சரோஜா ஆன்டி இல்லை. அம்மா இப்போது கிள்ளான் பக்கம் மேருவில் என்னோடு இருக்கிறார். போன மாதம், நான் லேப்டாப்பில் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்:

"நான் கிள்ளானுக்கு வேலைக்குப் போனப்ப, சாயங்காலமெல்லாம் தனியா என்ன பண்ணே?"

"உங்ககிட்ட சொல்ல வேண்டியத டைப் பண்ணிக்கிட்டு இருந்தேம்மா."

அம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "இப்பச் சொல்லு" என்றார்.

சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.